மெர்வின் தூக்கிய கை

என் கணவர் மெர்வினுக்கு எழுபத்தெட்டு வயது. இடுப்பில் இருப்பது டாக்டர் வைத்த உலோகம். அவர் வயதுக்காரர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளப் புல்தரையில் பந்து உருட்டுகிறார்கள். இவருக்கு மட்டும் அலைச்சறுக்கு வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை பேரனின் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான கூலங்கட்டாவின் கடலுக்குள் இறங்கிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மணலில் உட்கார்ந்து, கையிலிருந்த கம்பளிப் பின்னலைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று இருந்தேன்.

திடீரென்று விசில் சத்தம். மீட்புக் குழுப் பெண் ஷெல்பி பாய்ந்து போய், மெர்வினைத் தன் பலகையில் குப்புறப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தாள். கடற்கரையே கைதட்டியது.

"எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு கத்துறேன், விடவே மாட்டேங்குறா!" என்றார் மெர்வின்.

"கடல்ல ஒத்தக் கையைத் தூக்கினா காப்பாத்துன்னு அர்த்தம். மீட்புக் குழுவுல நான் சேர்ந்தப்போ எனக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே, மெர்வ்?" என்றாள் ஷெல்பி.

"தெரிஞ்சும் எதுக்குத் தூக்கித் தொலைச்சே?" என்றேன் நான்.

அவர் மணலைப் பார்த்தார். "பலகையில எழுந்து நின்னுட்டேன், ஐரிஸ். நீ பாக்குறியான்னுதான்..."

நான் பார்க்கவில்லை. பின்னலைப் பைக்குள் திணித்தேன்.

"போ. இன்னொரு தடவை நின்னு காட்டு."

பிறகு ஷெல்பி பக்கம் திரும்பினேன். "இந்தக் கிழம் கையைத் தூக்கினா அது எனக்கு. நீ வராதே."