திருப்பி அனுப்பிய நாற்காலி

அந்தக் கறுப்பு சோபா என்னுடையது. கோழியும் என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அவைதான் காரணமாம்.

எங்கள் புங்கோமா ஊர்ப்பக்கம் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் அந்த வீட்டு வரிசைக்கே விருந்தாளி. யாரிடம் நல்ல நாற்காலி இருக்கிறதோ, அது விருந்தாளி உட்காரும் வீட்டுக்குப் போய்விடும். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் நன்றி சொல்லவும் மாட்டார்கள். என் சோபா என் வீட்டில் இருந்ததைவிட ஊரார் வீடுகளில் இருந்த நாட்கள்தான் அதிகம்.

பக்கத்து வீட்டு நமல்வாவுக்குப் புருஷன் இல்லை. கரும்பு லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். இவள் அடுத்தவர் கரும்புக் கொல்லையில் களை பறிக்கிறாள். மகள் ஜென்ட்ரிக்ஸ் நன்றாகப் படிக்கிறவள். விடுதிப் பள்ளியில் அவளைப் படிக்கவைப்பது ஒரு சின்ன கிறிஸ்தவ அறக்கட்டளை. கடல் கடந்து எங்கேயோ ஒரு சபையார் காணிக்கை எடுத்து அனுப்புகிறார்கள். அறக்கட்டளையை நடத்தும் பமேலா அம்மா அங்கிருந்து பிள்ளைகளின் வீடுகளைப் பார்க்க வருகிறார் என்று எங்கள் பாஸ்டர் ஓபெட் சொன்னதும் எங்கள் வரிசையே கிளம்பிவிட்டது.

என் சோபா போனது. அதன் மேல் நான் கையால் பின்னிய வெள்ளை விரிப்புகள் போயின. ஒருத்தி பூப்போட்ட கோப்பைகளைக் கொண்டுவந்தாள், இன்னொருத்தி சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டுப் பெரியவர் வசில்வா தன் கைவைத்த நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். கோழி அடித்துச் சோளமாவில் உகாலிக் களி கிண்டினோம். ஈரலும் தொடையுமாக நல்ல துண்டுகளைப் பமேலா அம்மாவின் தட்டில் வைத்தோம். புறப்படும்போது இன்னொரு கோழியைக் காலைக் கட்டிக் காரில் ஏற்றினோம். அந்த அம்மா நமல்வாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பாஸ்டர் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஜென்ட்ரிக்ஸ் பேரை எடுத்துடப் போறாங்க, நமல்வா."

"எதுக்கு பாஸ்டர்? மார்க் குறைஞ்சிடுச்சா?"

"மார்க் இல்லம்மா. வீட்டுல சோபா இருக்கு, கடிகாரம் இருக்கு, கோழியைத் தூக்கிக் குடுக்கிற அளவுக்கு வசதி இருக்கு. நிஜமாவே கஷ்டப்படுற பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடுக்கணும்கிறாங்க."

நான் குறுக்கே பாய்ந்தேன். "நீங்க என்ன வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? உங்க கல்யாணத்துல நீங்க மாப்பிள்ளையா உட்கார்ந்தது எங்கப்பா நாற்காலியில! அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன், நாங்கிலாக்கா. எல்லாம் அக்கம்பக்கத்துச் சாமான்னு சொன்னேன். 'அப்படின்னா என்னை ஏமாத்தினாங்களா?'ன்னு கேட்டாங்க."

ஏமாற்றினோமாம்! தன் வயிற்றைக் கட்டி விருந்து போட்டவளுக்குத் திருட்டுப் பட்டம். நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. விடுமுறைக்கு வந்திருந்த ஜென்ட்ரிக்ஸ் கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

பாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கூட்டிட்டு வரேன். கெஞ்சிச் சம்மதிக்க வெச்சிருக்கேன். வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். ஒண்ணும் போடாதீங்க. டீகூட வேணாம்."

"விருந்தாளிக்குத் தண்ணிகூடக் கொடுக்கக் கூடாதா?" என்றாள் நமல்வா.

"பிள்ளை படிக்கணும்னா வேணாம்மா."

நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று. வசில்வா மட்டும் மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். அவர் அதற்குள் திரும்பிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை.

கார் வந்தது. நமல்வாவின் வீட்டில் ஒரு கட்டில், அடுப்புக்கு மூன்று கல், ஒரு மஞ்சள் தண்ணீர்க் கேன், அவ்வளவுதான். பமேலா அம்மா நடுவீட்டில் நின்றார். நமல்வா எதிரே நின்றாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் வசில்வா வந்தார். ஊரிலிருந்து வந்த கையோடு காரைப் பார்த்திருக்கிறார் போல. அந்த நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"என்ன மருமகளே இது? விருந்தாளி நின்னுட்டிருக்காங்க! வரிசையில ஒருத்தருக்குமா சொரணை இல்ல? மானம் போகுதே!"

அவர் நமல்வாவுக்கு மாமனார் முறை. எங்களில் மருமகள் மாமனாரிடம் நிமிர்ந்து பேச மாட்டாள், எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவாள். நமல்வா அன்று நிமிர்ந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க, மாமா."

"என்னது?"

"நாற்காலியை எடுத்துட்டுப் போங்க. இந்த வீட்டுக்கு வேணாம்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடக் கிழவர் முகம் அப்படி ஆகியிருக்காது. பமேலா அம்மா என்ன விஷயம் என்று கேட்க, பாஸ்டர் ஓபெட் அவர் பாஷையில், "நாற்காலி விக்க வந்திருக்கார்" என்று வாய்கூசாமல் சொன்னாராம். அந்த அம்மாவுக்குக் கிழவரை அடையாளம் தெரியவில்லை. அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். வசில்வா நாற்காலியை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போனார். வந்த வேகம் இல்லை.

பிறகு பமேலா அம்மா வெறுந்தரையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மூன்று கல் அடுப்பைப் போட்டோ எடுத்தார், கட்டிலை எடுத்தார், அதன் பக்கத்தில் நமல்வாவை நிறுத்தி எடுத்தார். இப்போதுதான் உண்மையான வீட்டைப் பார்த்தேன் என்றாராம். ஜென்ட்ரிக்ஸ் படிப்பு முடியும்வரை தன் பொறுப்பு என்றாராம். வருஷா வருஷம் தானே வந்து பார்ப்பாராம்.

உண்மையான வீடாம்! முதல் நாள் பார்த்ததுதான் உண்மையான வீடு. சோபா, கோப்பை, கடிகாரம், தலைச்சுமையோடு வந்த கிழவர், எல்லாம் சேர்ந்ததுதான் நமல்வாவின் வீடு. அதை அந்த அம்மாவுக்குச் சொல்ல எனக்கு அவர் பாஷை தெரியவில்லை. பாஷை தெரிந்த பாஸ்டருக்கு வாய் இல்லை.

அன்று சாயங்காலமே நமல்வா வசில்வா வீட்டு வாசலில் போய் மண்டியிட்டாள். அவர் வெளியே வரவில்லை. நான் போய் விளக்கினேன். பிள்ளையின் படிப்புக்காக என்றேன். "படிக்கட்டும், நல்லாப் படிக்கட்டும்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜென்ட்ரிக்ஸ் விடுதிக்குப் போன வாரம், கிட்டாலேயிலிருந்து நமல்வாவின் அண்ணன் வந்தார். ரொம்ப நாள் கழித்து வந்த தாய்வீட்டு மனிதர். வசில்வா எழுந்து வரவில்லை, தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பைக்காரி துணி காயப்போட்டாள். கடிகாரக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன் வாசலில் நின்றபடியே பையைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என் சோபாவைத் தனியாகவே வெளியே இழுத்தேன். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மறுமுனை மண்ணில் உழுதுகொண்டு வந்தது. ஒருவரும் வந்து கை கொடுக்கவில்லை. பாதி வழியில் நமல்வா ஓடிவந்து சோபாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம்க்கா. அண்ணன் நின்னுப்பார்."

"பைத்தியமா உனக்கு? பிடிடி அந்தப் பக்கம்!"

"விடுக்கா. எனக்குப் பழகட்டும். அடுத்த வருஷமும் அந்தம்மா வருவாங்கல்ல."