வியர்வை மாதத்தின் நான்காம் ஞாயிறு

விழுப்புரத்தில் இருக்கும் எங்கள் திரைப்படச் சங்கத்துக்கு மாதாமாதம் ஒரு தலைப்பு வேண்டும். இந்த மாதம் ‘வியர்வை’. நான்கு ஞாயிறு, உழைப்பாளிகளைப் பற்றி நான்கு படங்கள். தலைப்பு வைத்த செயலாளர் வெங்கடாசலம் ஏசி இல்லாத அறையில் உட்கார மாட்டார். முதல் மூன்று வாரமும் சங்க அறையில் வெளிநாட்டுப் படங்கள். பார்த்தது நாங்களே இருபது பேர். நான்காவது வாரம் என் படம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆயும் பெண்களைப் பற்றி நான் எடுத்த முப்பத்தைந்து நிமிட ஆவணப்படம்.

அதில் கலைப்பிரியா வருகிறாள். அம்மா அம்சவள்ளியோடு உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்தபடி, நர்சிங் படிக்கப்போவதாகச் சொல்லிச் சிரிப்பாள். போன ஆடியில் காய்ச்சல் வந்து செத்துப்போனாள். வயது பத்தொன்பது. மகளைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று அம்சவள்ளி ஆசைப்பட்டார். அதற்காகவே, அவர் ஊருக்குப் பக்கம் என்று திண்டிவனத்தில் ஒரு தியேட்டரைக் காலை பத்திலிருந்து பதினொன்று வரை பிடித்தோம்.

கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறி, கூட வேலை செய்யும் ஏழு பெண்களைக் கூட்டிக்கொண்டு அம்சவள்ளி ஒன்பதரைக்கே வந்துவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் திரைக்கும் நடுவே, பேச வந்த எங்களுக்கு எட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

பொன்னாடை போர்த்தாமல் எங்கள் ஊரில் எதுவும் தொடங்காது. நாற்காலியில் இருந்த எட்டுப் பேருக்கும் போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டவர் சும்மா இருப்பாரா? ஒவ்வொருவரும் வியர்வையைப் பற்றிப் பேசினார்கள். எட்டாவது ஆள் நான். கலைப்பிரியாவைப் பற்றிப் பேசினேன். குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை. ஆனால் அரங்கம் அமைதியானதைக் கவனித்தேன். அது பிடித்திருந்தது. இன்னும் பத்து நிமிடம் பேசினேன்.

படம் தொடங்கும்போது மணி பத்து நாற்பது.

“எம் பொண்ணு எப்ப வருவா தம்பி?” என்று அம்சவள்ளி, பின்வரிசைக்குப் போயிருந்த என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“தோ, கொஞ்ச நேரந்தாம்மா.”

சரியாகப் பதினொன்றுக்கு விளக்குகள் எரிந்தன. இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருந்தால் அவள் வந்திருப்பாள். தியேட்டர் மேனேஜரிடம் ஓடினேன்.

“அடுத்த ஷோவுக்கு கேட்டாண்ட ஜனம் நின்னுக்கினு கீது சார். ஜல்தி காலி பண்ணுங்க. ஒரு மணி நேரம் குடுத்தேனே, என்னா பண்ணீங்க?”

வெங்கடாசலம் மட்டும் அந்த நெரிசலிலும் நன்றியுரையை விடவில்லை.

வாசலில் அம்சவள்ளியிடம் என் போனை நீட்டினேன். “இதுல போட்டுக் காட்றேம்மா.”

அவர் வாங்கவில்லை. “போன்ல பாக்க இம்மாந்தூரம் வரணுமா? இதுங்கல்லாம் கூலிய வுட்டுட்டு வந்துதுங்க, அவள பெருசா பாக்கலாம்னு.”

“அடுத்த மாசம்…” என்று ஆரம்பித்தேன். அடுத்த மாதத் தலைப்பு ‘மழை’ என்று நோட்டீசே அடித்தாகிவிட்டது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அம்சவள்ளி முந்தானையை இழுத்துச் செருகினார்.

“எம் பொண்ண பத்தி நல்லாத்தான் பேசுன தம்பி. அந்நேரத்துக்கு அவளையே பேச வுட்டிருக்கலாம்.”