முப்பத்தெட்டுப் பேருக்குப் புசான்

இசாமு ரயிலில் உட்கார்ந்ததும் முதலில் ஷூவைக் கழற்றினார், அடுத்து பட்டியலை எடுத்தார். முப்பத்தெட்டுப் பெயர். எல்லாரும் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் அவரோடு வேலை பார்ப்பவர்கள். விடுப்பு எடுத்து வெளிநாடு போகிற மனுஷன் வெறுங்கையோடு திரும்பினால் ஆபீஸில் தலைகாட்ட முடியுமா?

"ஆளுக்கு ஒண்ணு. தின்பண்டமா, தனித்தனியா சுத்தியிருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"கேபிள் கார்?" என்றாள் மனைவி சனாயே.

"போகலாம், போகலாம். ஒரு நாள் முழுசா இருக்கே."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கொரியாவில், புசானில், கடலுக்கு மேலே கேபிள் கார் ஓடுகிறது. அதில் உட்கார்ந்து ஒரு தடவை கீழே பார்க்க வேண்டும். ஜப்பான் கரையில் ஷிமோனோசெகி துறைமுகம் வரை ரயில், ராத்திரிக் கப்பல், காலையில் புசான், அன்றைக்கு ராத்திரியே திரும்பும் கப்பல். மேலாளரே முகம் சுளிக்காமல் விடுப்புக் கொடுத்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி எதிரில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

கப்பலில் இருப்பதிலேயே மலிவான சீட்டு. பாய் விரித்த கூடத்தில் நாற்பது பேரோடு தரையில் படுக்கை. இசாமு காலுறையைக் கழற்றி, காற்றாடட்டும் என்று அவள் பையின் மேலேயே விரித்துவைத்தார். பக்கத்துப் பாய்க்காரர் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சனாயேவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

புசானில் முதல் கடையில் கடற்பாசிப் பொட்டலம் பெரிதாக இருந்தது. அடுத்த கடையில் தேன் பலகாரம், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. மூன்றாவது கடையில் எல்லாம் சரி, பெட்டிக்குப் பத்து.

"நாலு பெட்டி வாங்குங்க, தீந்துது," என்றாள்.

"ரெண்டு மிஞ்சுமே. அத எவனுக்குக் குடுக்கிறது? ஒருத்தனுக்கு ரெண்டு குடுத்தா மத்தவன் என்ன நெனப்பான்?"

"நாம தின்னலாம்."

"ஆபீசுக்கு வாங்கினதையா?" என்றார், திருட்டுக்குக் கூப்பிட்டதுபோல.

மத்தியானம் நடைபாதையில் நின்றபடியே, வீட்டிலிருந்து அவள் கட்டி எடுத்துவந்த சோற்றுருண்டையைத் தின்றார்கள். அவர் மோவாயில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. மற்ற நாளாயிருந்தால் துடைத்துவிட்டிருப்பாள். இன்று அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது. அந்தப் பருக்கையோடுதான் அவர் இன்னும் ஏழு கடை ஏறினார்.

நாலு மணிக்குக் கிடைத்தது. வால்நட் பிஸ்கட், பெட்டிக்குப் பன்னிரண்டு. மூன்று பெட்டி, கடைக்காரியிடம் கெஞ்சி உதிரியாக இரண்டு. அவர் அடுக்கிவைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"இப்பவே துறைமுகம் போனாத்தான் வரிசையில முன்னாடி நிக்கலாம். மூலைப் பாய் கெடைக்கும்."

"கப்பல் ஒம்போது மணிக்குங்க!"

பஸ் ஒரு திருப்பத்தில் வளைந்தது. தூரத்தில், கடலுக்கு மேலே, சின்னச் சின்னப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"அதோ," என்று ஜன்னலைக் காட்டினார். "பாத்துட்டல்ல?"

கப்பல் ஏறி, மூலைப் பாயும் பிடித்ததும் இசாமு துண்டோடு குளிக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் சனாயே மூன்று பெட்டியையும் பிரித்தாள்.

பாய் பாயாகப் போய் மண்டியிட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். "புசான் போயிட்டு வர்றோம். பெருசா ஒண்ணுமில்ல, எடுத்துக்குங்க."

"நாங்களும் அங்கேருந்துதாம்மா வர்றோம்!" என்று ஒரு கிழவர் சிரித்தார்.

"பரவாயில்லங்க. ஆளுக்கு ஒண்ணு."

வாங்கினால் திருப்பிக் கொடுக்காமல் விடுவார்களா? ஆரஞ்சு வந்தது, உலர்ந்த கணவாய் வந்தது, ஒரு பீர் வந்தது. அவள் மடி நிறைந்தது.

இசாமு திரும்பியபோது கூடம் முழுக்க மென்றுகொண்டிருந்தது. கையில் மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை அவரிடம் குனிந்து நீட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள். பழகிய கை தானாக நீண்டது, தலை தானாகக் குனிந்தது. "ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அடிப்பாவி! ஆபீசுல என்னத்தச் சொல்லுவேன்?"

சனாயே கடைசிப் பிஸ்கட்டைப் பிரித்துக் கடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"போன்ல படம் இருக்குல்ல? அதக் காட்டி, 'அதோ, பாத்துட்டீங்கல்ல'ன்னு சொல்லுங்க."