நீல்காயின் தலையீற்று

லாரியிலிருந்து மூன்று நீல்காய்களை இறக்கிய அன்று, பூங்காவில் வேலை செய்த பதினொரு பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றார்கள். கூடலூருக்குத் தெற்கே, மலையடியில் இருந்தது அந்த சஃபாரி பூங்கா. அதுவரை அங்கே புள்ளிமானும் கடமானும்தான். இவை வடக்கே எங்கிருந்தோ நாலு நாள் பயணம் செய்து வந்தவை. ஓர் ஆண், இரண்டு பெண். குதிரை உயரம், மாட்டு முகம், ஆணுக்கு மட்டும் கழுத்தடியில் தாடி.

"இது மாடா, மானா?" என்றாள் ஜக்கம்மா.

"நாலஞ்சு பேரு கூட்டுச் சேந்து செஞ்சது மதினி" என்றான் வேன் ஓட்டும் அம்மாவாசி. "எவனும் முழுசா முடிக்கல."

ஜக்கம்மா அதை மாடு என்று முடிவு செய்துகொண்டாள். அவள் பிறந்த வீட்டில் நாற்பது மலைமாடுகள். ஏழு வயதில் தலையில் ஏறிய சாணிக்கூடை இன்னும் இறங்கவில்லை. பூங்காவிலும் அதே வேலைதான்: தினக்கூலிக்குப் புல் அறுப்பது, தொட்டி கழுவுவது, சாணி அள்ளுவது.

பெண் இரண்டில் ஒன்று சினையாகவே வந்திருந்தது. உத்தமபாளையத்திலிருந்து வாரம் மூன்று நாள் வரும் மாட்டு டாக்டர் சூரியபிரகாஷ் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"இந்தக் குட்டி பிழைச்சு, தாய் சேத்துக்கிட்டா நீல்காய் இங்க இருக்கும். இல்லேன்னா மூணையும் திருப்பி அனுப்பிட்டு வெளிமான் கேக்கச் சொல்லியிருக்காங்க. அதனால வேலிக்குள்ள யாரும் கூட்டம் போடாதீங்க."

கூட்டம் போடக் கூடாது என்றார். தனியாகப் போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் விடிந்ததும் தொட்டி கழுவப் போன ஜக்கம்மா, புல்லுக்குள் குட்டி கிடப்பதைப் பார்த்தாள். தாய் அவளைக் கண்டதும் தாவி ஓடிவிட்டது. முதல் ஈற்று, பயந்துவிட்டது என்று நினைத்தாள். அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை. கைதான் வேலை செய்தது. மூக்கைத் துடைத்துச் சளியை எடுத்தாள். வைக்கோலால் உடம்பைத் தேய்த்தாள். குளம்பின் பிஞ்சு நுனியைக் கிள்ளிவிட்டாள். பக்கத்தில் கிடந்த நஞ்சுக்கொடியை அள்ளிச் சாக்கில் போட்டு, வேலிக்கு வெளியே நின்ற ஆலமரத்தில் உயரமாகக் கட்டினாள். மாடு நஞ்சைத் தின்றால் பால் வற்றும். பால்மரத்தில் கட்டினால் சுரக்கும். அவள் வீட்டில் ஒரு ஈற்றுக்குக்கூட இது தவறியதில்லை.

மத்தியானம் வரை குட்டி நின்று கத்தியது. தாய் அரை பர்லாங் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. கிட்ட வரவில்லை.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். வேனுக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்தார்.

"இது தாயாகாது. குட்டிய மோந்துகூடப் பாக்கல. நாளைக்கு ஆபீசர் வர்றாரு, எழுதிக் குடுத்துர வேண்டியதுதான்."

வேனுக்குப் பின்னால் நின்ற ஜக்கம்மாவின் காதில் அது விழுந்தது. அம்மாவாசி அவள் முகத்தைப் பார்த்தான். காலையில் ஆலமரத்தில் அவள் ஏறியதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

"மதினி, வாயத் தொறந்துராத" என்றான் மெதுவாக. "மாடு லாரியேறிப் போகும். நீ எங்கிட்டுப் போவ? திரும்பவும் திராட்சைத் தோட்டத்துல மருந்தடிக்கவா?"

"அது பாட்டுக்கு நின்னுச்சுடா. கெடுத்தது நானு. அது தலையில எழுதுறாகளே."

"அதுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"எனக்கும்தான் தெரியாது. அதுக்காக என் தலையில எதையும் எழுதலாமா?"

அவள் வேனைச் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் போனாள். கையைக் கட்டிக்கொள்ளவில்லை. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். குளம்பு கிள்ளியதையும் சொன்னாள்.

டாக்டர் நோட்டை மூடினார்.

"அந்த நஞ்ச அது திங்கணும்மா. வாடை போனாத்தான் காட்டுல செந்நாய் வராது. குட்டிய நக்கி நக்கித்தான் இது நம்மதுன்னு அதுக்குத் தெரியும். நீங்க அந்த வாடையத் தொடச்சுட்டீங்க. இப்ப அதுமேல உங்க வாடைதான் இருக்கு."

"மாட்டுக்கு இப்படித்தான் சார் செய்வோம்."

"இது மாடு இல்ல."

"பாத்தா மாடாத்தான சார் இருக்கு."

அவர் கோபப்பட வேண்டிய இடம். சிரிப்பு வந்துவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேனை நூறு அடி பின்னால் எடுக்கச் சொன்னார். மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

வெயில் சாயும்போது தாய் நகர்ந்தது. குட்டி இருந்த பக்கம் இல்லை. எதிர்ப்பக்கம், உன்னிச்செடிப் புதருக்கு. அங்கே போய்த் தலையைக் குனிந்தது. புதருக்குள்ளிருந்து இன்னொரு குட்டி எழுந்து வந்து மடியில் முட்டியது. தாய் அசையாமல் நின்று கொடுத்தது. வாலடியை நக்கியது.

"ரெட்டை" என்றார் டாக்டர். "இத ஒளிச்சு வச்சிருக்கு."

ஜக்கம்மா துடைத்துவிட்ட குட்டியும் தள்ளாடித் தள்ளாடித் தாயிடம் போனது. தாய் மோந்தது. ஜக்கம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தாய் மறுபடியும் மோந்தது. பிறகு தலையால் இடித்துத் தள்ளியது. குட்டி விழுந்து, எழுந்து, திரும்பப் போனது. திரும்பவும் இடி. மூன்றாம் தடவை அது எழுந்து அங்கேயே நின்றுவிட்டது.

டாக்டர் மறுபடி நோட்டைத் திறந்தார்.

"தாய்மேல தப்பில்ல" என்றார். "நீல்காய் இருக்கட்டும்னு எழுதிருறேன். என்ன நடந்துச்சுன்னும் எழுதணும்மா. உங்க பேரு வரும்."

"வரட்டும் சார். வேலைக்கு வரலாமா, வேண்டாமா?"

"வாங்க. புல்லுக்கட்டு வாசல் வரைக்கும்தான். இந்த வேலிக்குள்ள வரக் கூடாது."

"அந்தக் குட்டிக்குப் பாலு?"

"அம்மாவாசி பாட்டில்ல குடுப்பாப்ல."

"அவன் வீட்டுல கோழிகூட வளத்ததில்ல சார். அவனுக்கு என்ன தெரியும்?"

"தெரியாதவங்கதான் இப்ப நல்லது" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை அவள் புல்லுக்கட்டை வாசலில் இறக்கினாள். வேலிக்குள் அம்மாவாசி குத்தவைத்து, குட்டியின் வாயில் பாட்டிலைத் திணித்துக்கொண்டிருந்தான். பால் அவன் கைலியில்தான் வடிந்தது. குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஏலே, ஒசத்திப் பிடி" என்றாள் வெளியிலிருந்தே. "கழுத்தத் தூக்கிக் குடிச்சாத்தான் எறங்கும். அம்புட்டு ஒசரம் வேணாம், பொரையேறிரும். ம், அங்கனதான். அப்படியே ஆட்டாம வச்சுக்க."

குட்டி சப்ப ஆரம்பித்தது. பாட்டில் பாதி இறங்கும் வரை அவள் நின்றாள். பிறகு அடுத்த கட்டுக்காக அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தாள்.