பன்னிரண்டு பறவைகளும் ஒரு முத்திரையும்

பெரியப்பா ஓய்வுபெற்ற நில அளவையர். அவர்தான் ஓய்வு பெற்றார், அவர் கால்கள் பெறவில்லை. "என் ஒரு எட்டு எழுபத்தஞ்சு சென்டிமீட்டர். கூடாது, குறையாது" என்பார். இது தெரிந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் காரில் ஏறினேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு முத்திரை. சரணாலயத்தில் பன்னிரண்டு வகைப் பறவைகளைப் பார்த்து, விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் எழுதி, வனக்காவலரிடம் முத்திரை வாங்கித் திங்கள் காலை கொடுத்தால்தான் செய்முறைத் தேர்வு. இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு. பேராசிரியரிடம் அவகாசம் கேட்கலாம்தான். ஆனால் அவருடைய வழுக்கையைப் பற்றிக் கல்லூரிச் சுவரிதழில் மூன்று வாரத் தொடர் எழுதியவன் நான்.

வழியில் பழைய அரசர்களின் கோட்டை உள்ள ஓர் ஊர். "அஞ்சு நிமிஷம்டா" என்று பெரியப்பா இறங்கினார். வாசல் பலகையில் 'வெளிமதில் சுற்றளவு 1,840 மீட்டர்' என்று எழுதியிருந்தது. எழுதியவன் நன்றாக இருக்கட்டும்.

பெரியப்பா மதிலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். பாதியில் யாரோ மணி கேட்டார்கள். சொன்னதில் எண்ணிக்கை விட்டுப்போனது. முதலிலிருந்து நடந்தார். திரும்பி வந்து கோட்டை வாசலில் இருந்த வழிகாட்டியைப் பிடித்தார்.

"ரெண்டாயிரத்து நானூத்தி நாலு எட்டு. ஆயிரத்து எண்ணூத்தி மூணு மீட்டர்தான் வருது. மிச்சம் முப்பத்தேழு மீட்டர் எங்கய்யா?"

"சார், அது ராஜா காலத்துக் கணக்கு."

"ராஜா காலத்துல ஏதுய்யா மீட்டர்?"

"பெரியப்பா, பறவை எல்லாம் போயிடும்."

"பறவைக்கு என்னடா, இறக்கை இருக்கு, திரும்பி வரும். இந்த முப்பத்தேழு மீட்டர் வருமா?"

சரணாலயத்தை அடைந்தபோது மணி நான்கு. மூடுவது ஐந்துக்கு. கண்காணிப்புக் கோபுரத்தில் மூச்சு வாங்க ஏறினேன். பாவம், பறவைகள் என்மீது இரக்கப்பட்டன. கூழைக்கடா, நீர்க்காகம், மீன்கொத்தி, மூன்று வகைக் கொக்கு என்று வரிசையாக வந்தன. நாலே முக்காலுக்குப் பன்னிரண்டாவதையும் எழுதி முடித்தேன்.

காவலர் கூடவே நின்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். கண்டபடி முத்திரை குத்தியதற்காகப் போன மாதம்தான் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவராம். முத்திரையை வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் பெரியப்பா. கீழே புல்லுக்குள் ஒரு கல்லைக் காட்டினார். "அது எல்லைக்கல்தானே? ஏரி அந்தப் பக்கம். அப்ப இந்தக் கோபுரம் எல்லைக்கு வெளிய, நாலு மீட்டர் தள்ளி நிக்குது."

காவலர் கல்லைப் பார்த்தார். பிறகு என் நோட்டின் முதல் வரியில் இருந்த விதியைப் பார்த்தார்: 'எல்லைக்குள் நின்று பார்த்தவை மட்டும் செல்லும்.' முத்திரையை இறக்கினார். எல்லைக்குள் போய்ப் பன்னிரண்டையும் மறுபடி பார்க்க நேரம் இல்லை.

"தம்பி, தெரியாம இருந்தா குத்தியிருப்பேன். இப்ப தெரிஞ்சுபோச்சே. சார் தப்பா அளந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா, நான் குத்திடறேன்."

"எழுதுங்க பெரியப்பா. கால்ல விழறேன்."

பெரியப்பா நோட்டை வாங்கினார். என் நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். என் கண் கலங்கிவிட்டது. முப்பத்தி நாலு வருட சர்வீஸில் தப்பை ஒப்புக்கொள்ளாத மனிதர், எனக்காக எழுதுகிறார். ஒரு வரிக்கு ஏன் ஒரு பக்கம் ஆகிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

காவலர் வாங்கி உரக்கப் படித்தார். "கோபுரத்தை நான்கு மீட்டர் கிழக்கே நகர்த்தக் கோரும் மனு. வரைபடம் பின்பக்கம்."

"பெற்றுக்கொண்டேன்னு ஒரு முத்திரை போடுங்க" என்றார் பெரியப்பா.

மனுவுக்குப் போட விதியில் தடை ஒன்றும் இல்லை. காவலர் மறுபடி 'ஹா' என்று ஊதி, நச்சென்று குத்தினார். அவ்வளவு தெளிவான முத்திரையை நான் பார்த்ததே இல்லை. மணி ஐந்தடித்தது. கதவைச் சாத்தினார்கள்.

காரில் பெரியப்பா ஆறுதல் சொன்னார். "கவலைய விடு. நாளைக்கு நானே உன் புரொபசரைப் பார்த்து விளக்கறேன்."

சொன்னபடி வந்தார். பேராசிரியர் அறை வாசலில் என்னை நிறுத்திவிட்டு உள்ளே போனார். கதவிடுக்கு வழியாக அவர் குரல் கேட்டது.

"வெளிய பலகையில இந்த அறை நூத்தியிருபது சதுரடின்னு போட்டிருக்கே சார்? நூறுகூட வராதே."