மூச்சில் தெரிந்தது

ஆஸ்பத்திரியில் அப்பா இறந்தபோது அம்மா நாற்பது நிமிடங்கள் அறையில் இல்லை. கணக்கு வைத்திருந்தது அத்தை. யார் வீட்டுக்குப் போனாலும் ஆறு வருடங்களாக அதையே சொல்வாள்: தம்பி ரெண்டு தடவை கூப்பிட்டான், பெண்டாட்டி எங்கேயோ காற்று வாங்கப் போயிருந்தாள். எங்கே போனாய் என்று நானும் ஒருமுறை கேட்டேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

அம்மாவுக்கு வயிற்றுத் தொல்லை வெகுநாளாக உண்டு. உப்புசம், இரைச்சல், முறுக்கி இழுக்கும் வலி, பிறகு வயிற்றுப்போக்கு. வெளியே கிளம்பும் நாளில் பட்டினி கிடப்பாள். அல்சர் என்று தானே முடிவு செய்து, ஆற்றுவதற்கு இன்னொரு டம்ளர் பால் குடிப்பாள். நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு அவளை வரவழைக்கவே இரண்டு மாதம் ஆனது. அத்தையும் கூட வந்தாள். வாய் எப்படி இருந்தாலும், ஆஸ்பத்திரி என்றால் துணைக்கு வந்துவிடுவாள்.

வெறும் வயிற்றில் முதல் மூச்சு. மூச்சில் வரும் ஹைட்ரஜன் வாயுவை அளக்கும் கருவி நான்கு காட்டியது. பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ், கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தேன். இனி அரை மணிக்கு ஒருமுறை குழாயில் ஊத வேண்டும்.

“பலூன் ஊதுறதுக்கா உன்னை அஞ்சு வருஷம் படிக்க வெச்சோம்?” என்றாள் அத்தை.

ஒன்றரை மணி நேரத்தில் அறுபத்தெட்டு. அம்மாவின் வயிறு இரைவது எனக்கே கேட்டது. நெற்றி வியர்த்திருந்தது. சட்டென்று எழுந்து கழிவறைக்குப் போனாள்.

“அன்னைக்கும் இப்படித்தான். வாயத் தொறக்காம எந்திரிச்சுப் போனா” என்றாள் அத்தை.

நான் எண்களைப் பார்த்துக்கொண்டே விளக்கினேன். பால் சர்க்கரையை உடைக்கும் என்சைம் அம்மாவின் குடலில் போதவில்லை. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து மூச்சில் வருகிறது. பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் தொல்லை தொடங்கிவிடும்.

அத்தை கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“அன்னைக்கு பிளாஸ்க்குல பால் கொண்டு வந்தது நான்தான்” என்றாள். “வேணாம் வேணாம்னா. வெறும் வயித்தோட உக்காராதன்னு ரெண்டு டம்ளர் குடிக்க வெச்சேன்.”

அம்மா கதவருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஈரக் கைகளைக் கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்தாள்.

“பக்கத்துக் கழிவறையிலதான் இருந்தேன் அண்ணி. நடுவுல ஒரு சுவர்தான். அவர் கூப்பிட்டது ரெண்டு தடவ இல்ல, மூணு தடவ. எனக்குக் கேட்டுது. எழுந்து வர முடியல.”