குருதிக்களத்தில் ஒரு பல்

இசைத்தாளின் ஐந்து கோடுகளில் மூன்றாவதன்மேல் என் முன்பல் உட்கார்ந்திருக்கிறது, வேரோடு, சிவப்பாக, நானே எழுதிவைத்த சுரம்போல, அதைச் சுற்றி ரத்தம் எல்லா வாத்தியங்களின் வரிகளுக்கும் இறங்கிக்கொண்டிருக்க, எதிரே ட்ரம்பெட்டை அரிவாள்போல் பிடித்தபடி என் மனைவியின் அண்ணன், பல் வைத்தியர் சாம் தேவதாஸ், அவர் உதட்டிலும் ரத்தம், ஏல, ரத்தம் கேட்டியே, இந்தா வச்சுக்கோ என்கிறார், கேட்டது உண்மைதான், முதல் ஒத்திகையிலேயே இசை நடத்தும் கோலை உயர்த்தி, இந்த இசையில் எனக்கு ரத்தம் கேட்க வேண்டும் என்று பாளையங்கோட்டை ஆலய வாத்தியக் குழுவிடம் முழங்கியவன் நான், அதுவரை இரண்டு நிமிடத்தைத் தாண்டி எதையும் எழுதாதவன், உம்ம பாட்டு காபி ஆறதுக்குள்ள முடிஞ்சிருதே மாப்ள என்று இதே மச்சான் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், என் மனைவி கிருபையும், அந்தச் சிரிப்பை வெட்டிச் சாய்க்கத்தான் நாற்பது நிமிட சிம்பொனி, பெயர் குருதிக்களம்.

நீளமாக எழுதுவது எப்படி என்று தெரியவில்லை, இசையில் ஒரு படை செத்து முடிந்தாலும் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும், உடனே மலைக்குப் பின்னாலிருந்து இன்னொரு படையை வரவழைப்பேன், அதையும் வெட்டுவேன், யானைகளின் துதிக்கைகள் விழும், செல்லோ வாத்தியங்கள் குடல்போல் சரியும், எல்லாவற்றுக்கும் மேலே ட்ரம்பெட் அலறிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டரில் எழுதி கம்ப்யூட்டரிலேயே போட்டுக் கேட்டேன், அது ஒருமுறைகூட நிற்காமல் ஊதியது, அதற்கு நுரையீரல் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை, மச்சான்தான் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், மாப்ள, இதுல நான் எங்க மூச்சு விட என்றார், போர்க்களத்துல யாரு மச்சான் மூச்சு விடுவா என்றேன், என் பதிலின் அழகில் நானே சொக்கிப்போனேன்.

இன்று கடைசி ஒத்திகை, நாளை அசனம், ஆலயத்தின் ஊர்விருந்து, அதில்தான் அரங்கேற்றம், மண்டபத்துக்குப் பின்னால் ஊர்ச்சோற்றுக்குக் கிடாய் அறுக்கிறார்கள், கட்டையில் கத்தி விழும் சத்தம் என் முரசுகளைவிடத் தாளம் தப்பாமல் இருக்கிறது, அந்தப் பொறாமையில், இன்னும், இன்னும் என்று கோலை வீசுகிறேன், மச்சானின் முகம் சிவந்து கறுக்கிறது, கழுத்து நரம்பு கயிறாகிறது, உதடு பிளக்கிறது, நிறுத்துகிறார், நிறுத்தாதீரும், படை வருது என்று கத்துகிறேன், வந்தது ட்ரம்பெட்.

அவரே தம் க்ளினிக்கில் என் ஈறைத் தைத்தார், வலிக்கா, வலிக்கு, வலிக்கட்டும், மரத்துப்போற ஊசி போட்டியாண்ணே என்று வாசலிலிருந்து கிருபை, போட்டேன், கொஞ்சம்போல, நாளைக்கு நீரு இல்லாட்டா சிம்பொனியே இல்ல மச்சான் என்று நான் பஞ்சைக் கடித்தபடி குழற, மூச்சு விட இடம் தாரும், வாசிக்கேன் என்றார், விடிய விடியப் பார்த்தும் என் பிணங்களில் ஒன்றைக்கூட விட மனம் வரவில்லை, ரத்தக் கறை பட்டு எதுவும் படிக்க முடியாத இடத்தில் மட்டும் எல்லாருக்கும் மௌனம் என்று குறித்தேன்.

மறுநாள் மண்டபத்தில் ஊர் முன்னால் வாசிக்கிறோம், அந்த இடம் இப்போது வருகிறது, முதல் படை செத்துவிழ, எல்லா வாத்தியங்களும் நிற்கின்றன, மச்சான் நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறார், ஆட்டுக்கறி வாசம் உள்ளே வருகிறது, முடிந்துவிட்டதென்று யாரோ கைதட்ட, மண்டபமே தட்டுகிறது, முன்வரிசையில் கிருபை எழுந்து நின்று தட்டுகிறாள், போதகர் பந்திக்கு ஜெபிக்கிறார், நாற்காலிகள் உருள்கின்றன, நான் கோலை மறுபடி உயர்த்துகிறேன், இன்னும் மூன்று படைகள் சாகாமல் காத்திருக்கின்றன, மச்சான் வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டு குனிந்து, இதுக்கு மேல ஒருத்தனையும் கொல்லாதீரும் மாப்ள, சோறு ஆறிரும் என்கிறார், மூன்றாவது கோட்டில் பல் இருந்த இடம் பழுப்பாகக் காய்ந்து கிடக்கிறது, கோலை அதன்மேல் வைக்கிறேன், மூச்சு விடுகிறேன், முன்பல் இல்லாத சந்து வழியாக அது மெல்ல விசிலடிக்கிறது.